சிக்னலில் அணைந்த கார்

எங்கள் காரில் புதிதாக ஏறுகிறவர்கள் கரமனைப் பாலம் தாண்டுவதற்குள் ஒருமுறையாவது தும்மிவிடுவார்கள். என் கணவருக்கு ஆரியசாலையில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். சாம்பிள் பைகளைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டுதான் எங்கும் போவார். ஸ்டியரிங்கைப் பிடித்த கையால் கண்ணைக் கசக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம். பட்டம் என்கிற பகுதியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கிய சின்ன பெட்ரோல் கார் அது. அவர் கையில் இருந்தவரை அதற்குச் சந்தன ஊதுபத்தி வாசனை இருந்தது. எங்களிடம் வந்த ஒரே வாரத்தில் அதன் குணம் மாறிவிட்டது.

நான் வண்டி ஓட்டப் பழகியது நாற்பதைத் தாண்டிய பிறகு. கழக்கூட்டத்தில் ஒரு நிறுவனத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அலுவலக பஸ் கரமனை வழியாக வருவதை நிறுத்தியதும், இரண்டு பஸ் மாறிப் போய் வந்து அலுத்துப்போய், டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கற்றுக்கொடுத்தது மலையாளிப் பெண்மணி ஒருவர். சத்தமே போட மாட்டார். நான் எதிரே வரும் லாரியைப் பார்த்துப் பயந்தால், "லாரிக்காரனும் வீட்டுக்குப் போகணும் சேச்சி, இடிக்க மாட்டான்" என்பார். முதல் தடவையிலேயே லைசென்ஸ் கிடைத்தது. என் கணவர் கடையில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார்.

அந்த லட்டுகள் தீர்வதற்குள் வண்டி என் மானத்தை வாங்க ஆரம்பித்தது.

முதல் தடவை கிள்ளிப்பாலம் சிக்னலில். சிவப்பு விழுந்தது, நிறுத்தினேன், கியரை நியூட்ரலில் போட்டேன். ஒரு சின்ன நடுக்கம், பிறகு அமைதி. ஏசி சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பச்சை விழுந்த பிறகுதான் எஞ்சின் அணைந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. மறுபடி சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்துக்கொண்டது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் என்னைக் கடந்து போகும்போது, "கிளச்சு மெல்லே விடணும் சேச்சி" என்று அன்பாகத்தான் சொன்னார்.

கிளட்சில் என் கால் இல்லவே இல்லை என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன். வீட்டில் சொன்னேன்.

"நியூட்ரல்னு நீ நெனச்சிருப்பே. விழுந்திருக்காது" என்றார் கணவர். "புதுசுல்லா, சரியாயிடும் கேட்டியா."

சரியாகவில்லை. சாலைக் கம்போளம் என்கிற சந்தைத் தெருவில் அணைந்தது, கோட்டை வாசலில் அணைந்தது, அவருடைய கடை இருக்கும் சந்துக்குள் திரும்பும்போது இரண்டு மூன்று தடவை அணைந்தது. அந்தச் சந்தில் மூட்டை இறக்குகிறவர்கள் பெரும்பாலும் தென்காசிப் பக்கத்துக்காரர்கள். நான் திரும்புவதைப் பார்த்ததுமே தலையில் இருக்கும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தயாராக நிற்பார்கள். "அக்கா, நீங்க ஸ்டியரிங்க மட்டும் பிடிச்சுக்கோங்க, மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்று வண்டியைக் கடை வாசல்வரை தள்ளிக்கொண்டு போவார்கள். தள்ளும்போது ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எல்லா யோசனையும் என் இடது காலைப் பற்றியதாகவே இருக்கும்.

என்னைக் குழப்பியது வேறு விஷயம். அதே வண்டியை அவர் ஓட்டினால் அணையவே அணையாது. எந்த சிக்னலிலும் சரி, ஏசி போட்டும் சரி, சாதுவாக நிற்கும். கைமனத்தில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். மெக்கானிக் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் நல்ல மனிதர். பிளக் மாற்றினார், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினார், பாப்பனங்கோடு வரை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தார். கண்ணீர் நிற்கும்வரை காத்திருந்தோம்.

"வண்டிக்கு ஒரு குழப்பமும் இல்ல சேச்சி" என்றார் முகத்தைக் கழுவிக்கொண்டே.

இங்கே குழப்பம் என்றால் கோளாறு. வண்டிக்கு இல்லாத குழப்பம் முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று டிரைவிங் ஸ்கூல் பெண்மணியிடம் போய், அவருடைய காரில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினேன். தம்பானூர் நெரிசலுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போனார். ஒரு தடவைகூட அணையவில்லை. "சேச்சி நல்லாத்தானே ஓட்டறீங்க" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவருடைய காரில் நான் சரி, என் கணவரின் கையில் எங்கள் கார் சரி. நானும் அந்தக் காரும் சேர்ந்தால்தான் ஆகவில்லை.

பிறகு ஈஞ்சக்கல்லில் அது நடந்தது. காலை நேரம், நல்ல மழை. பைபாஸில் ஏறுவதற்கான சிக்னலில் முதல் வண்டியாக நின்றிருந்தேன். வைப்பர், விளக்கு, ஏசி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. பச்சை விழுவதற்குச் சற்று முன்னால் வழக்கமான அந்த நடுக்கம் வந்து, வண்டி அணைந்தது. சாவியைத் திருப்பினேன். பிடித்து, மறுபடி அணைந்தது. திருப்பத் திருப்ப அணைந்தது. பின்னால் அரசு பஸ். அதன் ஹாரன் என் முதுகில் விழுவது போலிருந்தது. பஸ் ஒருவழியாக ஒடித்துத் திரும்பி என் பக்கத்தில் வந்ததும், டிரைவர் குனிந்து பார்த்துக் கேட்டார்:

"வீட்டில வேறே ஆரும் இல்லே சேச்சி?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அக்கறையாகக் கேட்பது போலக் கேட்டார். அதுதான் தாங்கவில்லை. பைக்கில் வந்த இரண்டு பேர் மழையில் நனைந்துகொண்டே வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். நான் உள்ளேயே உட்கார்ந்து அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னேன். எஞ்சின் ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, இனி பஸ்ஸிலேயே போகிறேன் என்றேன்.

அவரிடமிருந்து அறிவுரை இல்லை, ஆறுதல் இல்லை. நான் இரண்டு பஸ் மாறிப் போய்வந்துகொண்டிருந்தேன். சில நாள் கழித்து ஒரு காலையில் கீழே இறங்கினால், அவர் குளித்து, விபூதி வைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏறு. கழக்கூட்டத்துல விட்டுட்டு வாரேன்."

"கடை யாரு திறப்பாங்க? இன்னைக்கு லாரி வருதுன்னீங்களே."

"லாரி எங்க போயிடும். நிக்கும்."

ஆரியசாலை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கழக்கூட்டம் ஊரின் அந்தக் கோடி. அவர் அங்கே போய்த் திரும்பிக் கடையைத் திறப்பதற்குள் மூட்டைக்காரர்கள் டீ குடித்துச் சலித்துப் போயிருப்பார்கள். ஒருநாள் இருநாள் என்று நினைத்தேன். தினமும் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் மிளகாய் விலையைப் பற்றிப் பேசுவார். நான் ஓட்டியதைப் பற்றி ஒரு சொல் வராது. திருமணமாகி இவ்வளவு காலத்துக்குப் பிறகு தினமும் காலையில் ஒரு மணி நேரம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அப்போதுதான். எனக்கு அது பிடித்திருந்தது. அதை வெளியே சொல்லவில்லை, சொன்னால் நிறுத்திவிடுவாரோ என்றுதான்.

சும்மா உட்கார்ந்திருப்பவளுக்குக் கண் எங்கேயாவது போகுமல்லவா. என் வேலையில் யாராவது "எப்பவாவது நின்னுபோகுது" என்று ஒரு புகார் சொன்னால், அது சரியாக எப்போது நின்றுபோகிறது என்று கண்டுபிடித்து, நாங்கள் நினைத்தபோதெல்லாம் அதை நிற்கவைத்துக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. காட்ட முடியாவிட்டால் புகார் சொன்னவரைத்தான் சந்தேகிப்பார்கள். என் காரைப் பற்றி மட்டும் நான் இப்படி யோசிக்கவில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஊரே என் காலைப் பார்த்ததில் நானும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

ஒருநாள் சாக்கை என்ற இடத்தில் சிக்னலுக்காக நிற்கும்போது, எஞ்சினின் வேகத்தைக் காட்டும் முள்ளைக் கவனித்தேன். ஒன்று என்ற எண்ணுக்குச் சற்று மேலே நின்றது. நான் ஓட்டும்போது நின்றவுடன் ஒன்றுக்குக் கீழே போய் நடுங்கியது ஞாபகம் வந்தது. அடுத்த சிக்னலிலும் பார்த்தேன். மேலேதான். வண்டி நிற்கிறது, கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறார். முள் மட்டும் ஏன் மேலே? குனிந்து பார்த்தேன். அவருடைய வலது கால் ஆக்சிலேட்டரின் மேல் இருந்தது. மிதிக்கவில்லை. பூனை ஒன்று மடியில் கையை வைத்துக்கொண்டு படுத்திருக்குமே, அந்த அளவுக்கு ஒரு பாரம்.

"ஏங்க, ஆக்சிலேட்டர்ல ஏன் கால் வச்சிருக்கீங்க?"

"எங்க வச்சிருக்கேன்?" என்று கேட்டுவிட்டு அவரும் குனிந்து பார்த்தார். அதற்குள் காலை எடுத்திருந்தார். "வைக்கலியே."

பச்சை விழுந்தது. ஆக்குளம் தாண்டி சர்வீஸ் ரோட்டில் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்.

"ஏசி ஓடட்டும். லைட்டையும் போடுங்க. இப்போ ரெண்டு காலையும் மேல எடுத்து, சம்மணம் போட்டு உக்காருங்க."

"சீட்லயா?"

"ஆமா."

அவருக்குக் கொஞ்சம் தொந்தி உண்டு. ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் அவர் ஒவ்வொரு காலாக மடக்கி ஏற்றியதைப் பார்த்து, நடந்து போன இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். பந்தியில் உட்கார்ந்தவர் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, "இனி?" என்றார்.

"முள்ளப் பாருங்க."

இருவரும் பார்த்தோம். முள் மெல்ல இறங்கியது. நடுங்கியது. கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது. எனக்குப் பழக்கமான அந்தச் சின்ன உதறல் சீட்டுக்கு அடியில் வந்தது. எஞ்சின் அணைந்தது.

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் இருந்தன. கடையில் ஒரு மூட்டையைப் பிரித்து உள்ளே வேறு சரக்கு இருந்தால் அவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

"எங்கிட்ட அணைஞ்சதே இல்லியே" என்றார்.

"நீங்க அணைய விட்டதே இல்ல."

பிறகு அவரே விஷயத்தைச் சொன்னார். சின்ன வயதில் அவர் வண்டி பழகியது கடையில் இருந்த ஒரு கிழட்டு வேனில். காலை எடுத்தால் அது செத்துவிடும். அதனால் நிற்கும்போதெல்லாம் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு வலது காலால் அதை உயிரோடு வைத்திருப்பாராம். வேன் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. கால் மட்டும் அந்த வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது.

"அப்போ ஈஞ்சக்கல்ல நீ ஒரு தப்பும் பண்ணல."

"இல்ல."

"கிள்ளிப்பாலத்துல?"

"அங்கயும் இல்ல."

"கம்போளத்துல, அந்த உருளைக்கிழங்கு வண்டிக்கு முன்னால?"

"கால கிளட்ச்லயே வைக்கலன்னு அன்னைக்கே சொன்னேனே."

"கோயில் பக்கத்து மதில்ல உரசினது?"

"அது நான்தான்."

சிரித்துவிட்டார். மடக்கிய காலை இறக்க முடியாமல் அவர் சிரித்ததில் வண்டியே ஆடியது. அந்தப் பக்கத்துக் கதவை நான் போய்த் திறந்து, முழங்காலைப் பிடித்து வெளியே இழுத்துவிட வேண்டியிருந்தது. நின்றுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "ஹாஸ்பிடல் போகணோ?" என்று கேட்டாள்.

அன்று மாலை கைமனத்துக்கு வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போனேன். மெக்கானிக்கை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, இரண்டு காலையும் வெளியே போடச் சொன்னேன். அவர் கண் முன்னாலேயே வண்டி அணைந்தது. "அடடே, நானும் அன்னைக்கு ரேஸ் கொடுத்துத்தான் நோக்கினேன்" என்று தலையைச் சொறிந்தார். வண்டி அணைந்து காட்டியதில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். காட்டாத நோய்க்கு மருந்து கொடுப்பதுதான் கஷ்டம் என்றார்.

அவர் சொல்லிப் புரிந்துகொண்டது இது. எஞ்சினுக்குப் பெட்ரோல் போலவே காற்றும் வேண்டும். காற்று போகும் குழாயில் ஒரு தட்டு இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் தட்டு திறக்கும், காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். மூடினாலும் எஞ்சின் மூச்சுவிட ஒரு மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் அழுக்கு. கழற்றிக் காட்டினார், பால் காய்ச்சி அடிப்பிடித்த பாத்திரம் போல இருந்தது. திரவம் அடித்துத் துடைத்து மாட்டினார். காலை எடுத்தும் வண்டி நின்றது, அதாவது அணையாமல் நின்றது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. சில நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு வெயிலில் நெடுநேரம் ஓடி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மட்டும் முள் மறுபடி நடுங்க ஆரம்பித்தது. இந்தத் தடவை நான் அழவில்லை. எப்போது அணைகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டதே.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. இருவரும் நேமம் வரை போய் வண்டியை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு பானெட்டைத் தூக்கினோம். நான் உள்ளே முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே. தூக்கிய பானெட்டுக்குப் பின்னால் அவர் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"ஒரு சத்தம் வருது கேட்டியா."

"எஞ்சின் சத்தம்தானே?"

"இல்ல. அதுக்குள்ள வேற ஒண்ணு. மூக்கடைச்சவன் மூச்சு விடுத மாதிரி."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் காதை நான் நம்பினேன். குடோனில் இருட்டுக்குள் நின்றுகொண்டு எந்த அடுக்கில் எலி என்று சொல்லிவிடுவார். மிளகாயைக் கையில் எடுத்துக் குலுக்கி, விதை ஆடும் சத்தத்தில் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். என்னைத் துணி ஒன்றை நனைத்து எடுத்துவரச் சொன்னார். விசிறிப் பக்கம் கை போகக் கூடாது என்று நான் நாலு தடவை சொன்ன பிறகு, பின்பக்கமாகக் குனிந்து ஏதோ ஒன்றைத் துணியால் பிடித்தார். என் முன்னால் முள் எழுந்து நேராக நின்றது. உதறல் நின்றது.

"என்ன பண்ணுனீங்க?"

"இப்போ?" என்று கையை விட்டார். முள் இறங்கியது.

"இறங்குது."

"இப்போ?"

"ஏறுது."

குழந்தையைப் போல அதையே திரும்பத் திரும்பச் செய்தார். நானும் அலுக்காமல் ஏறுது, இறங்குது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு இறங்கிப் போய்ப் பார்த்தேன். எஞ்சினுக்குப் பின்னால், எளிதில் கண்ணுக்குப் படாத இடத்தில், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு ரப்பர் குழாய். வளைவில் நகத்தால் கீறியது போல ஒரு வெடிப்பு. ஆறியிருக்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும், சூடேறினால் வாய் திறந்துகொள்ளும். அந்த வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் மெக்கானிக் அதை உறுதிப்படுத்தினார். வாசல் வழியாகப் போகிற காற்றைத்தான் வண்டி அளக்கும், அதற்குத் தக்கபடி பெட்ரோல் கொடுக்கும். ஓட்டை வழியாகப் போகிற காற்று கணக்கில் வராது. அதனால் பெட்ரோல் போதாமல் அணைகிறது. அதைக் கேட்டதும் என் கணவர், "அதாவது பில் இல்லாம உள்ள வந்த சரக்கு" என்றார். மெக்கானிக்குக்கு அந்த விளக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. புதுக் குழாயை மாட்டிக்கொண்டே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்று கடைக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். சந்துக்குள் திரும்பியதும் மூட்டைக்காரர்கள் வழக்கம்போல இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். வண்டி நின்று, ஓடிக்கொண்டே இருந்தது. அவர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். என் கணவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கோளாறு வண்டியில இருந்துது. இவ கால்ல இல்ல. எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்றார். கேட்காதவர்களுக்கும் சொன்னார். எதிர்க்கடை புளி வியாபாரிக்கு, டீக்கடைக்காரருக்கு, அவரிடம் வத்தல் வாங்க நெடுமங்காட்டிலிருந்து வந்திருந்த ஒருவருக்கு. அந்த மனிதருக்கு என்னைத் தெரியாது, என் வண்டியையும் தெரியாது. மரியாதையாகத் தலையாட்டினார்.

காலையில் கொண்டுபோய் விடும் வேலை அதோடு நின்றது. லாரி வந்தால் கடையில் ஆள் இருக்கிறது. நான் தனியாகத்தான் கழக்கூட்டம் போகிறேன். முதல் சில நாள் பக்கத்து சீட்டைப் பார்த்தால் ஒரு மாதிரியாக இருந்தது. அதைச் சொன்னபோது, "எனக்கும்தான். மிளகாய் விலையைக் கேக்க ஆளு இல்ல" என்றார். அதனால் இப்போது வாரத்தில் ஒருநாள், லாரி வராத நாளாகப் பார்த்து, அவரும் என்னோடு வருகிறார். அலுவலக வாசலில் நான் இறங்கியதும் வண்டியைத் தானே எடுத்துக்கொண்டு திரும்புவார். சாயங்காலம் நான் பஸ்ஸில் வருவேன்.

போன மாதம் அவருடைய அக்கா வீட்டு விசேஷத்துக்கு நாகர்கோவில் போனோம். நான் ஓட்டினேன். நெய்யாற்றின்கரை வரை கையை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு, "முன்னால பஸ்ஸு, முன்னால பஸ்ஸு" என்றுகொண்டே வந்தார். பாறசாலை தாண்டியதும் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால், வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தார். எத்தனையோ பயணம் போயிருக்கிறோம், பஸ்ஸில்கூட அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. யார் ஓட்டினாலும் விழித்துக்கொண்டு சாலையையே பார்ப்பார். வேகத்தைக் குறைத்து, குழிகளைப் பார்த்துப் பார்த்து இறக்கி ஏற்றினேன். மார்த்தாண்டத்தில் டீ குடிக்க நிறுத்தலாம் என்று முதலிலேயே பேசியிருந்தோம். நிறுத்தினால் எழுந்துவிடுவார் என்று நிறுத்தாமல் போனேன்.